‘ட்ரஸ்டியா வாங்க’னு கூப்பிடுறாங்களா? பொன்னாடைக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

“ஏய், ஒரு டவுட்டு. ஸ்ரீரங்கத்துல குழந்தைகளுக்காக வேலை செய்யுற ஒரு அமைப்புல என்னை போர்டு மெம்பரா சேரச் சொல்றாங்க. மூணு மாசத்துக்கு ஒரு மீட்டிங்தானாம். ஆதார், பான் காப்பி, ரெண்டு போட்டோ கேட்டிருக்காங்க. அனுப்பிடட்டுமா?”

நவல்பட்டு ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கும் கல்லூரித் தோழியிடமிருந்து வந்த வாய்ஸ் மெசேஜ் இது. கூடவே இன்னொரு வரி: “அடுத்த ஞாயித்துக்கிழமை விழா வெச்சு பொன்னாடை போர்த்துவாங்களாம், அம்மா இப்பவே புடவை எடுத்து வெச்சாச்சு.”

சந்தோஷமான விஷயம்தான். திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கம் இப்போது பல தொண்டு நிறுவனங்கள் இளைஞர்களைத் தேடுகின்றன. நிறுவனர்களுக்கு வயதாகிவிட்டது. கணக்கு, இணையதளம், சி.எஸ்.ஆர். விண்ணப்பம் எல்லாம் தெரிந்த ஆட்கள் வேண்டும். எனவே 28 வயதில் உங்களுக்கும் இப்படி ஓர் அழைப்பு வரலாம்.

ஆனால் ‘போர்டு மெம்பர்’ என்றால் என்ன? மேடையில் உட்காருவதா, நன்கொடை பிடித்துக் கொடுப்பதா, கையெழுத்துப் போடுவதா? அதுவும் குழந்தைகளின் உரிமைக்காக இயங்கும் அமைப்பு என்றால், மற்ற அமைப்புகளில் இல்லாத சில பொறுப்புகள் கூடவே வருகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல்ல, போர்டுனா என்ன?

தமிழ்நாட்டில் ஒரு தொண்டு நிறுவனம் பெரும்பாலும் மூன்று வடிவங்களில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, அறக்கட்டளை. சார்பதிவாளர் அலுவலகத்தில் ‘ட்ரஸ்ட் டீட்’ எனப்படும் அறக்கட்டளைப் பத்திரத்தைப் பதிவு செய்து தொடங்குவது. இங்கே போர்டு உறுப்பினருக்குப் பெயர் ட்ரஸ்டி, அதாவது அறங்காவலர்.

இரண்டு, சங்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவாவது. இங்கே அவர் செயற்குழு உறுப்பினர். குழுவில் குறைந்தது 3 பேர் வேண்டும். ஒருவரின் பதவிக்காலம் ஒரு முறைக்கு 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது.

மூன்று, கம்பெனிகள் சட்டம், 2013-ன் 8-வது பிரிவின்படி தொடங்கப்படும் லாப நோக்கமற்ற நிறுவனம். இங்கே அவர் இயக்குநர். அதற்குத் தனி அடையாள எண் வாங்க வேண்டும்.

பெயர் எதுவாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். தினமும் களத்தில் இறங்கி வேலை செய்பவர்கள் ஊழியர்கள். அந்த வேலை சரியாக நடக்கிறதா, பணம் சொன்ன காரியத்துக்குத்தான் போகிறதா, யாருக்காவது தீங்கு நேர்கிறதா என்று பார்ப்பது போர்டு. சிம்பிளா சொன்னா, ஊழியர்கள் வண்டி ஓட்டுகிறார்கள். போர்டு ரூட்டையும் பிரேக்கையும் பார்த்துக்கொள்கிறது.

ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்கு இது புதுசு இல்லை

ஸ்ரீரங்கத்தில் ‘அறங்காவலர்’ என்று சொன்னால் முதலில் ஞாபகம் வருவது பெரிய கோயில்தான். அந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம்.

இந்தியச் சட்டப்படி, கோயிலில் இருக்கும் தெய்வம் ஒரு சட்டபூர்வ நபர். அவர் பெயரில் நிலம் இருக்கலாம், நகை இருக்கலாம், வழக்கும் நடக்கலாம். ஆனால் தன் சொத்தைத் தானே கவனித்துக்கொள்ள முடியாது. அதனால் நீதிமன்றங்கள் தெய்வத்தை ஒரு மைனர் போலவே கருதி வந்திருக்கின்றன. மைனருக்கு ஒரு காவலர் தேவை. அதனால்தான் அறங்காவலர், அதிகாரி, ஆடிட் என்று இத்தனை ஏற்பாடு. கோயில் சொத்தில் கை வைத்தால் ஊரே கேள்வி கேட்கும்.

இப்போது அதே தெருவில் இயங்கும் ஒரு குழந்தைகள் அமைப்பை நினைத்துப் பாருங்கள். அங்கே இருப்பவர்கள் நிஜமாகவே மைனர்கள். நன்கொடை அவர்கள் பெயரில்தான் வருகிறது. ஆனால் கணக்குக் கேட்க அவர்கள் மீட்டிங்குக்கு வர முடியாது. ஒரு ஊழியர் அடித்தால் ராஜினாமா செய்துவிட்டுப் போகவும் முடியாது. அவர்களுக்கு ஓட்டும் இல்லை.

அந்தக் காலி நாற்காலிக்காகப் பேசத்தான் நீங்கள் போர்டில் உட்காருகிறீர்கள். நிறுவனருக்காகவோ நன்கொடையாளருக்காகவோ இல்லை.

உதவி வேற, உரிமை வேற

குழந்தைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பது உதவி. ‘இந்தப் பள்ளியில் ஏன் பெண் பிள்ளைகளுக்குக் கழிவறை இல்லை?’ என்று கேட்டு, கிடைக்கும்வரை விடாமல் இருப்பது உரிமைப் பணி. இரண்டும் தேவைதான். ஆனால் இரண்டாவது வகை அமைப்பின் போர்டில் சேர்கிறவர்கள் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்: இங்கே போட்டோ எடுத்துப் போடும்படியான ‘ரிசல்ட்’ உடனே கிடைக்காது.

திருச்சி மாவட்டமே மறக்காத ஓர் உதாரணம் உண்டு. 2019 அக்டோபர் 25. மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை ஒன்று பயன்பாட்டில் இல்லாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. இயந்திரங்கள் வந்தன, அமைச்சர்கள் வந்தார்கள், நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. 29-ம் தேதி அதிகாலையில் குழந்தையை உயிரற்ற உடலாகத்தான் மீட்க முடிந்தது.

கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூடி வைக்க வேண்டும், தோண்டுவதற்கு முன் தகவல் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருந்தது. அதாவது 9 வருடங்களாக விதி இருந்தது. ஒவ்வொரு கிராமத்திலும் அது நடக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் ஆள்தான் போதவில்லை.

விதி இருக்கிறதா, அது நடக்கிறதா என்று சலிக்காமல் கேட்பதுதான் குழந்தைகள் உரிமைப் பணி. போர்டு உறுப்பினராக நீங்கள் பணம் ஒதுக்கப்போவது இந்த மாதிரி ‘கண்ணுக்குத் தெரியாத’ வேலைக்கு. ‘போன வருஷம் என்ன சாதிச்சீங்க?’ என்று கேட்கும்போது இதை மனதில் வைத்துக் கேளுங்கள்.

89 பெண் குழந்தைகளும் ஒரு கேள்வியும்

சரி, போர்டு தூங்கினால் என்ன ஆகும்? இதற்கும் திருச்சியிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

2015-ல் திருச்சியில் இயங்கிவந்த ஒரு பெண் குழந்தைகள் இல்லம் தொடர்பான பொதுநல வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. அந்த இல்லத்தில் 89 பெண் குழந்தைகள். பெரும்பாலானவர்கள் மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் என்று சொல்லப்பட்டது. பெண் சிசுக்கொலையிலிருந்து காப்பாற்றி வளர்த்தோம் என்பது இல்லத் தரப்பின் வாதம். முறையான பதிவு இல்லாமல் இயங்கியது, குழந்தைகள் எப்படி வந்தார்கள் என்பதற்குச் சரியான ஆவணம் இல்லை என்பது எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டு. பெற்றோர் யார் என்று கண்டுபிடிக்க டி.என்.ஏ. பரிசோதனை வரை போக வேண்டியிருந்தது. விசாரணை சி.பி.ஐ. கைக்கும் போனது.

யார் மீது தவறு என்று தீர்ப்பு சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. ஆனால் ஒரு போர்டு உறுப்பினர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் தெளிவாக இருக்கிறது. நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். ‘இந்தக் குழந்தை யார்? எந்தத் தேதியில், யார் மூலமாக, எந்த உத்தரவின்படி இங்கே வந்தாள்?’ என்ற கேள்விக்கு ஃபைலில் பதில் இல்லை என்றால், பல வருடம் கழித்து அந்தப் பெண் தன் அம்மா யார் என்று தெரிந்துகொள்ள ஆய்வகத்தில் ரத்தம் கொடுக்க வேண்டிவரும்.

இந்தக் கேள்வியை யாராவது ஒரு ட்ரஸ்டி, ஏதாவது ஒரு மீட்டிங்கில் கேட்கத்தான் வேண்டும்.

சட்டம் உங்க பேரைச் சொல்லுமா?

சொல்லும். முக்கியமானவை மட்டும் இங்கே.

*போக்சோ சட்டம், 2012:* ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தாலோ, நடக்கலாம் என்று அஞ்சினாலோ, காவல் துறைக்குத் தெரிவிப்பது 19-வது பிரிவின்படி எல்லோருக்கும் கட்டாயம். மறைத்தால் 6 மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காவிட்டால் ஓர் ஆண்டு வரை சிறையும் அபராதமும். ‘வெளியே தெரிஞ்சா அமைப்போட பேரு கெட்டுடும், உள்ளுக்குள்ளயே பேசி முடிச்சிக்கலாம்’ என்று யாராவது மீட்டிங்கில் சொன்னால், அவர் உங்களைக் குற்றத்துக்கு அழைக்கிறார் என்று அர்த்தம். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவருக்கு அதே சட்டம் பாதுகாப்பும் தருகிறது.

*இளைஞர் நீதிச் சட்டம், 2015:* குழந்தைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இல்லமும் இந்தச் சட்டத்தின்கீழ் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது குறைந்தது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒரு குழந்தையை அந்த இல்லத்தின் ஊழியரோ நிர்வாகியோ கொடுமைப்படுத்தினால் தண்டனை 5 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் வரை அபராதம்.

*குழந்தையின் அடையாளம்:* அதே சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் ஊடகங்களில் வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘இன்னைக்கு என் பர்த்டேவை ஹோம் குழந்தைகளோட கொண்டாடினேன்’ என்று முகம் தெரிய ஸ்டேட்டஸ் போடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

*ட்ரஸ்டியின் பொறுப்பு:* இந்திய அறக்கட்டளைகள் சட்டம், 1882 தனியார் அறக்கட்டளைகளுக்கானது. ஆனால் அதன் கோட்பாடுகளை நீதிமன்றங்கள் பொது அறக்கட்டளை வழக்குகளிலும் எடுத்துக்கொள்வது உண்டு. சக ட்ரஸ்டி செய்த தவறுக்குப் பொதுவாக நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் தெரிந்தும் மறைத்தாலோ, தெரிந்தும் நடவடிக்கை எடுக்காமல் சும்மா இருந்தாலோ, பொறுப்பு உங்களுக்கும் வரும். ‘நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன் சார்’ என்பது பதில் ஆகாது. வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

‘சார், ஒரு குழந்தை கிடைச்சிருக்கு...’

நீங்கள் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வைகுண்ட ஏகாதசி. சொர்க்கவாசல் திறப்புக்கு வந்த கூட்டத்தில் ஸ்ரீரங்கமே நிரம்பி வழிகிறது. ராத்திரி 11 மணிக்கு ஊழியர் ஒருவர் போன் செய்கிறார்: “மேடம், அம்மா மண்டபம் பக்கத்துல ஒரு பையன் தனியா அழுதுட்டு நின்னான். நம்ம ஹோமுக்கே கூட்டிட்டு வந்துடட்டுமா? ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்துக்கலாம்.”

மனசு ‘சரி’ சொல்லும். சட்டம் வேறு சொல்கிறது. தனியாக நிற்கும், தொலைந்துபோன குழந்தையைப் பார்த்தால் 24 மணி நேரத்துக்குள் 1098, காவல் துறை, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு ஆகியவற்றில் ஒன்றுக்குத் தகவல் சொல்ல வேண்டும். குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்துவதற்கும் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரம்தான். அதனால் உங்கள் பதில்: “இப்பவே 1098-க்கு அடிங்க. நேரத்தை எழுதி வைங்க. எனக்கு மெசேஜ் போடுங்க.”

ஏன் இவ்வளவு கறார்? அந்த நேரத்தில் அவனுடைய அம்மா ஸ்ரீரங்கம் காவல் நிலையத்தில் நின்று அழுதுகொண்டிருக்கலாம். தகவல் போகாத ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கு நரகம்.

குழந்தைகள் நலக் குழு என்பது ஒரு தலைவரும் 4 உறுப்பினர்களும் கொண்ட அமைப்பு. மாதத்தில் குறைந்தது 20 நாள் கூட வேண்டும். குழந்தை யாருடன், எங்கே இருப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் அதற்குத்தான். உங்கள் போர்டுக்கு இல்லை. இன்னொன்று: ஒரு குழந்தைகள் இல்லத்தின் நிர்வாகத்தில் இருப்பவர் இந்தக் குழுவில் உறுப்பினராக முடியாது என்று 2021 சட்டத்திருத்தம் சொல்கிறது. குழந்தையை அனுப்புகிறவரும் வாங்கிக்கொள்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதுதான் காரணம்.

1098-ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. 1996-ல் மும்பையில் தொடங்கிய சைல்டுலைன் சேவையில், பல வருடங்களாக அழைப்புகளைக் கவனித்தது தொண்டு நிறுவனங்கள்தான். மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தின்கீழ் 2023-ல் இது அரசு நடத்தும் சேவையாக மாறியது. ஆகவே அழைப்பை எடுப்பது இப்போது அரசு. எடுத்தார்களா, வந்தார்களா, அதற்குப் பிறகு குழந்தைக்கு என்ன ஆனது என்று கேட்பது உங்களைப் போன்ற அமைப்புகளின் வேலை.

பணம்: பேசக் கூச்சப்படாதீங்க

நம் ஊரில் தொண்டு என்று வந்துவிட்டால் பணத்தைப் பற்றிக் கேட்பதே மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் அதிகம். “அண்ணன் இருபது வருஷமா சொந்தக் காசைப் போட்டு நடத்துறாரு, அவர்கிட்ட போய் பில் கேக்குறதா?” கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். பில் கேட்பது சந்தேகம் இல்லை. நாளைக்கு வேறு யாராவது சந்தேகப்பட்டால் அந்த அண்ணனைக் காப்பாற்றப்போவது அந்த பில்தான்.

பார்க்க வேண்டியவை:

• கடைசி 3 ஆண்டு ஆடிட் அறிக்கை. வரவு எங்கிருந்து, செலவு எதற்கு, கையிருப்பு எவ்வளவு?

• வருமான வரிப் பதிவுகள். ‘12ஏ’, ‘80ஜி’ என்று பலரும் பழக்கத்தில் சொல்வது இவற்றைத்தான். இவை இப்போது ஆயுசுக்கும் செல்லும் பதிவுகள் இல்லை; காலக்கெடு உண்டு, புதுப்பிக்க வேண்டும்.

• வெளிநாட்டு நன்கொடை வாங்குகிறார்களா? அப்படியானால் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு கட்டாயம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியில் உள்ள எஸ்.பி.ஐ. முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இன்னொரு அமைப்புக்கு அந்தப் பணத்தைக் கைமாற்றக் கூடாது. நீங்கள் நிர்வாகியாகச் சேர்ந்தால் அதையும் உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

• கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணம் வருகிறதா? அப்படியானால் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

• போர்டில் யார் யார்? நிறுவனர், அவர் மனைவி, மச்சான், மச்சானின் நண்பர் என்று லிஸ்ட் போனால், அங்கே ‘வேண்டாம்’ என்று சொல்ல ஆள் இல்லை என்று பொருள். சட்டத்தில் இதற்கு நேரடித் தடை இல்லாமல் இருக்கலாம். ஆனால் வாடகை, சம்பளம், கான்ட்ராக்ட் என்ற பெயரில் சொந்தக்காரர்களுக்கு ஆதாயம் போனால் வரிவிலக்கே ஆட்டம் காணும்.

லண்டனில் ஒரு கதை, மும்பையில் ஒரு கதை

போர்டு சரியாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பதற்கு இரண்டு உதாரணங்கள்.

லண்டனில் 1996-ல் தொடங்கிய ‘கிட்ஸ் கம்பெனி’ என்ற குழந்தைகள் தொண்டு நிறுவனம், பிரதமர்களே பாராட்டிய அமைப்பு. அரசிடமிருந்து கோடிக்கணக்கில் நிதி வந்தது. ஆனால் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் வைக்கவில்லை. 2015-ல் 30 லட்சம் பவுண்டு அரசு நிதி வந்த சில நாட்களிலேயே நிறுவனம் மூடப்பட்டது. அதை நம்பியிருந்த பிள்ளைகள் ஒரே நாளில் தெருவில் நின்றார்கள். பிரிட்டன் நாடாளுமன்றக் குழு 2016-ல் ட்ரஸ்டிகளைக் கடுமையாக விமர்சித்தது. அவர்களை இயக்குநர் பதவிகளுக்குத் தகுதியற்றவர்களாக அறிவிக்கக் கோரி வழக்கு நடந்தது. 2021-ல் உயர் நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை, ட்ரஸ்டிகள் விடுவிக்கப்பட்டார்கள். ஆனாலும் கடன்காரர்களுக்கு உரிய நேரத்தில் பணம் கொடுக்காதது நிர்வாகக் குறைபாடுதான் என்று 2022-ல் அறநிறுவனங்களுக்கான ஆணையம் சொன்னது.

அங்கே நல்ல மனசுக்குக் குறைவில்லை. ‘அடுத்த 3 மாசத்துக்குப் பணம் இருக்கா?’ என்ற கேள்விக்குத்தான் சரியான பதில் இல்லை.

மும்பைக் கதை நமக்குத் தெரிந்த ‘க்ரை’ அமைப்பு. 1979-ல் விமானப் பணியாளரான ரிப்பன் கபூர், நண்பர்களோடு சேர்ந்து 50 ரூபாயில், வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தொடங்கியது. 1994-ல் இளம் வயதிலேயே அவர் இறந்துவிட்டார். அமைப்பு நிற்கவில்லை. இன்றும் நாடு முழுக்க இயங்குகிறது. நிறுவனர் போன பிறகும் ஓர் அமைப்பு நடந்தால், பொறுப்பை ஏற்க வேறு ஆட்கள் தயாராக இருந்தார்கள் என்று பொருள். புதிய உறுப்பினர்களை வரவேற்பது இதற்காகத்தான்.

அமைப்பு நடத்துறவங்களுக்கு: எப்படி வரவேற்கணும்?

பொன்னாடை போர்த்துங்கள், தப்பில்லை. ஆனால் அதோடு ஒரு ஃபைலும் கொடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: ட்ரஸ்ட் டீட் அல்லது சங்க விதிகள், பதிவுச் சான்றிதழ்கள், ஆடிட் அறிக்கைகள், கடைசி ஓராண்டு மினிட்ஸ், நடந்துகொண்டிருக்கும் வழக்குகளின் பட்டியல், குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கை.

புதிதாக வருபவரைப் பற்றி நீங்களும் விசாரியுங்கள். ஊழியர்களுக்குக் காவல் துறைச் சரிபார்ப்பு கேட்கிறீர்கள் என்றால், போர்டு உறுப்பினருக்கும் கேளுங்கள். “பெரிய மனுஷன், அவர்கிட்ட எப்படி கேக்குறது?” என்ற தயக்கம்தான் ஆபத்தான ஆட்கள் நுழையும் வாசல். குழந்தைகளோடு தனியாக இருக்கக் கூடாது, முன்னறிவிப்பு இல்லாமல் விடுதி அறைகளுக்குள் போகக் கூடாது, குழந்தையின் போன் நம்பரை வாங்கக் கூடாது என்ற விதிகள் ட்ரஸ்டிக்கும்தான்.

ஒரு பழைய உறுப்பினரைத் துணைக்குக் கொடுங்கள். முதல் இரண்டு மீட்டிங்கில் ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்க ஓர் ஆள் இருந்தால், மூன்றாவது மீட்டிங்கில் அவரே பேச ஆரம்பித்துவிடுவார். இல்லையென்றால் டீ, முறுக்கு, கையெழுத்து என்று பழகிவிடுவார்.

சேர்றவங்களுக்கு: முதல் 90 நாள்

முதல் மாதம் படியுங்கள். மேலே சொன்ன ஃபைலை முழுசாக. புரியாததைப் பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மாதம் போய்ப் பாருங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஊழியருடன். குழந்தைகளிடம் அவர்கள் கதையைக் கேட்காதீர்கள். அவர்கள் ஏற்கெனவே பல பேரிடம் சொல்லி அலுத்தவர்கள். சமையலறை, கழிவறை, புகார்ப் பெட்டி மூன்றையும் பாருங்கள். பெட்டியின் சாவி யாரிடம் என்று கேளுங்கள். வார்டனிடமே சாவி என்றால், வார்டனைப் பற்றிய புகார் எப்படி வெளியே வரும்? இல்லங்களில் குழந்தைகள் குழு இருக்க வேண்டும் என்பது விதி. அது கடைசியாக எப்போது கூடியது என்றும் கேளுங்கள்.

மூன்றாவது மாதம் மீட்டிங்கில் பேசுங்கள். குறைந்தது ஒரு கேள்வி. ஒரு முடிவில் உடன்பாடு இல்லை என்றால் அதை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள். ‘எல்லாரும் ஒருமனதாக’ என்று எழுதிவிட்டால், உங்கள் மௌனமும் சம்மதம்தான்.

எப்போ ‘வேண்டாம்’ சொல்லணும்?

ஆவணம் கேட்டால் “அதெல்லாம் எதுக்குங்க, நம்பிக்கைதானே முக்கியம்” என்று பதில் வந்தால். இல்லத்துக்குப் பதிவு ‘அப்ளை பண்ணியிருக்கோம்’ என்ற நிலையிலேயே வருடக்கணக்கில் இருந்தால். பழைய உறுப்பினர்கள் ஏன் விலகினார்கள் என்பதற்கு யாரும் வாய் திறக்காவிட்டால். உங்கள் பெயரும் கம்பெனியும் மட்டும் போதும், நேரில் வர வேண்டாம் என்று சொன்னால்.

மரியாதையாக, எழுத்தில், நன்றி சொல்லி மறுத்துவிடலாம். ஏற்கெனவே சேர்ந்துவிட்டு விலகினால், ராஜினாமா கடிதத்துக்கு ஒப்புதல் வாங்குங்கள். பதிவுத் துறை ஆவணங்களில் பெயர் நீக்கப்பட்டதா என்றும் உறுதி செய்யுங்கள். ஆனால் ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்து விலகினால், விலகல் மட்டும் போதாது. 1098-க்குத் தகவல் சொன்ன பிறகுதான் உங்கள் கடமை முடிகிறது.

சரி, தோழி என்ன செய்தாள்? ஆதார் காப்பி அனுப்புவதற்கு முன் மூன்றே கேள்விகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஆடிட் அறிக்கை கிடைக்குமா? இல்லத்தின் பதிவு எதுவரை செல்லும்? குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கை இருக்கிறதா?

முதல் இரண்டுக்கும் அன்றைக்கே பி.டி.எஃப். வந்துவிட்டது. மூன்றாவதற்குச் செயலாளர் போன் செய்தாராம். “இல்லைம்மா. இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்லை. நீங்க வந்தா சேர்ந்து எழுதலாமா?”

உண்மையைச் சொல்லும் இடம் என்று தோன்றியதால் சேர்ந்துவிட்டாள். முதல் மீட்டிங்கின் அஜெண்டாவில் அந்தக் கொள்கைதான் முதல் ஐட்டம். பொன்னாடை விழா அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அம்மாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.